இரண்டு டாலர் முத்திரை

கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்க வேண்டிய நிலை ஏற்பட்டபொழுது, நான் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தேன். அன்னையாரின் சிகிச்சைக்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துவந்தது. நேரில் வர இயலாமையால், என் சார்பில் கையெழுத்திடத் தம்பிக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப முடிவு செய்தேன். செலவு என்ன ஆகும் என்று நண்பர் ஒருவரைக் கேட்டேன். "இரண்டு டாலர்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

நேரில் இடப்படும் கையெழுத்திற்குச் சான்றளிக்கும் நோட்டரி, நியூயார்க் மாநிலச் சட்டப்படி பெறக்கூடிய கட்டணம் 2 டாலரே. அங்கே நோட்டரி வழக்கறிஞராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. வங்கியிலும் கடையிலும் கூட அத்தகையோர் உளர். ஆனால், மாணவர்களே, முத்திரையிட்டவர் மெய்யாகவே நோட்டரிதானா என்பதைக் கும்பகோணத்துச் சார்பதிவாளர் எங்ஙனம் அறிவார்? இந்த ஒரு வினாவிலிருந்தே மற்றச் செலவுகள் யாவும் பிறக்கின்றன.

நோட்டரியின் கையெழுத்தைக் கவுண்டி எழுத்தர் அறிவார். 3 டாலர் பெற்றுக்கொண்டு, அவர் தம் ஏட்டில் உள்ளவரே என்று சான்று தருவார். எழுத்தரின் கையெழுத்தை மாநிலச் செயலாளரின் அலுவலகம் அறியும். அது 10 டாலர் பெற்று 'அப்போஸ்டில்' என்னும் சான்றை இணைக்கும். 1961இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் இச்சான்றை ஏற்கின்றன. இந்தியாவைப் பொறுத்தவரை அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. ஆக மொத்தம் 15 டாலர்.

எனினும் எழுத்தரின் அலுவலகம் ஜமைக்காவில். மாநில அலுவலகமோ மன்ஹாட்டனில். (ஜமைக்கா என்றதும் தீவு நாட்டை எண்ணிவிட வேண்டா, குவீன்ஸில் உள்ள ஒரு பேட்டை அது.) இரண்டும் வேலை நாட்களில்தான் திறந்திருக்கும். ஒரு நாள் ஊதியம் போயிற்று. கூரியர் கட்டணமோ முத்திரைகள் அனைத்தின் கட்டணத்தையும் விஞ்சியது.

பத்திரம் ஊர் போய்ச் சேர்ந்தது, ஏற்கப்படவில்லை. வாரிசுச் சான்றிதழில் என் பெயருக்கு முன் தந்தையாரின் முதலெழுத்து மட்டுமே இருந்தது. பாஸ்போர்ட்டிலோ அவருடைய முழுப்பெயரே என் குடும்பப்பெயராக நின்றது. இருவரும் ஒருவரே என்று நான் எழுதவில்லை. எனக்கு ஐயமே தோன்றாத ஒன்றை எழுத வேண்டும் என்று எப்படித் தோன்றும்? மீண்டும் நோட்டரி, மீண்டும் ஜமைக்கா, மீண்டும் மன்ஹாட்டன். இம்முறை இரு பெயர்களையும் குறித்தேன். வெளிநாட்டில் எழுதப்பெற்ற பத்திரம் இந்தியாவை அடைந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தலாம் என்கிறது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம். தம்பி மறுநாளே செலுத்திவிட்டான்.

வீடு விற்றது. காத்திருந்த நாட்களைச் சொல்லி, வாங்கியவர் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். அதையும் அந்த இரண்டு டாலரின் கீழேதான் எழுதி வைத்திருக்கிறேன்.