உங்களுக்குத் தெரியுமா? முன்னோர் வந்த வழி சொல்லும் வைரஸ்கள்

● காய்ச்சல் விட்டபின் உதட்டோரம் கொத்தாகக் கிளம்புமே கொப்புளங்கள், அவற்றுக்குக் காரணம் ஹெர்பீஸ் வைரஸ். பெரும்பாலும் சிறு வயதில் வீட்டாரிடமிருந்தே தொற்றி, நரம்புக்குள் பதுங்கி, ஆயுளுக்கும் தங்கிவிடும். குடும்பம் ஊர் மாறினால் அதுவும் கூடவே போகும்.

● 2013இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 31 ஹெர்பீஸ் மாதிரிகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டார்கள். ஆறு கிளைகள் தெரிந்தன. அதிகக் கிளைகள் கிழக்கு ஆப்பிரிக்காவில். மனிதர் அங்கிருந்து கிளம்பினார்கள் என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

● ஜே.சி. என்ற வைரஸ் பலருடைய சிறுநீரகத்தில் தொந்தரவு தராமல் குடியிருக்கிறது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரின் சிறுநீரில் கிடைத்த வகை, ஜப்பானியர்களிடம் காணப்படும் வகையோடு ஒத்துப்போவதாக 1997இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் இந்த வைரஸின் கிளைகள் மனிதக் கிளைகளோடு முழுக்கப் பொருந்தவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு எச்சரித்தது. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

● மனித ரத்தத்தில் மரபுவழி வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார் பாரூக் புளும்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அவர் கண்ட புரதம் ஹெபடைடிஸ்-பி வைரஸைக் காட்டிக்கொடுத்தது. 1976இல் நோபல் பரிசு பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் அவரோடு சேர்ந்து, இந்த வைரஸுக்கு மருந்தாகக் கீழாநெல்லியை ஆராய்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வெளியிட்டார். அதில் தெரிந்த பலன் பிற்பாடு நடந்த சோதனைகளில் உறுதிப்படவில்லை.

● பழைய எலும்பு, பற்களிலிருந்து 137 ஹெபடைடிஸ்-பி மரபணுத் தொகுதிகளை மீட்ட ஆய்வு 2021இல் வெளியானது. மிகப் பழையதற்கு வயது சுமார் 10,500 ஆண்டு. ஐரோப்பாவில் உழவர்கள் குடியேறியபின், வேட்டைச் சமூகத்தாரிடம் இருந்த வகை மறைந்து, வந்தவர்களின் வகை பரவியிருக்கிறது.

● எல்லா வைரஸும் பழங்கதை சொல்லாது. வேகமாக மாறும் கொரோனா, மாதக் கணக்கில் நடந்ததையே சொல்லும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் 2021 செப்டம்பரில் திறக்கப்பட்ட மரபணு ஆய்வகம் படிப்பது அந்தப் புதுக் கணக்கைத்தான்.

● 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த மாணவி நிர்மலா, ரத்த மாதிரிகளை ஐஸ் வைத்து இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். சி.எம்.சி. பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாகி, தொற்று இருப்பதைக் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான். இங்கே பரவிய ‘சி’ வகையின் வேர் ஆப்பிரிக்காவில் இருப்பதை மரபணுவே பிறகு சொன்னது.

● வைரஸ் மட்டுமல்ல, மனிதரின் சொந்த மரபணுவும் வந்த வழியைச் சொல்லும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன், மதுரைப் பக்கத்துக் கிராமத்து ஆண்களிடம் எம்-130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அதே குடும்பத்து அடையாளம் உண்டு. கடலோரமாக வந்த ஆதிமனிதர் விட்டுச்சென்ற தடம் இது என்கிறார்கள்.

● ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழும்பூர் அருங்காட்சியகம் 1930இல் தனி நூலே வெளியிட்டது. அன்று அளவெடுத்து ஒப்பிட்டார்கள். இன்று கீழடி அருகே கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகளின் மரபணுவை மதுரையில் ஆராய்கிறார்கள். நம் ஊர் வெயிலில் பழைய மரபணு சீக்கிரம் சிதையும். வெறுங்கை பட்டால் நம்முடையதும் கலந்துவிடும். ஆகவே தாழியில் பல் ஒன்று தென்பட்டால் அதைத் தங்கத்தைவிடப் பத்திரமாக எடுக்க வேண்டும். தெற்கே வந்தவர்களின் வழியைச் சொல்ல, அதற்குள் ஒரு வைரஸ் தப்பிப் பிழைத்திருக்கக்கூடும்.