டீசலின் தூய்மையும் உழவு இயந்திரமும்

ஈழத்து நெல்வயலில் உழவு இயந்திரம் இடைநடுவே நின்றுவிடின், உழவன் இழப்பது பழுதுபார்க்கும் கூலி மாத்திரமன்று; ஈரங்காயுமுன் உழவேண்டிய காலத்தையும் இழக்கின்றான். இத்தகைய தடைகள் பலவற்றின் காரணத்தை எரிபொருட் பீப்பாவிலேயே காணலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. முசலம் அமுக்கிச் சூடாக்கிய காற்றினுள் எண்ணெய் நுண்டுளிகளாகப் பீச்சப்பட்டுத் தானே பற்றுகின்றது. பீச்சும் பம்பியின் உறுப்புக்கள் சில மைக்குரோன் இடைவெளியுடனேயே ஒன்றினுள் ஒன்று பொருந்துவன. அவற்றுக்கு உராய்வுநீக்கியும் அந்த டீசலே.

1990களின் தொடக்கத்திற் சுவீடன் நாட்டிலே கந்தகம் மிகக் குறைந்த டீசல் வழங்கப்பட்டபோது பம்பிகள் விரைவிலே தேய்ந்தன. கந்தகமே வழுக்குந் தன்மையைத் தந்ததெனப் பலர் இன்றும் எண்ணுவர். அது சரியன்று. கந்தகத்தை ஐதரசனால் அகற்றும்போது, உலோகத்திற் படலமாய் ஒட்டும் ஒட்சிசன், நைதரசன் சேர்ந்த சிறு கூறுகளும் உடன் நீங்கிவிடுகின்றன. அக்குறையை நிரப்பவே கொழுப்பமிலங்களும் எசுத்தர்களும் மிகச் சிறிய அளவிற் சேர்க்கப்படுகின்றன. ஐரோப்பியத் தரத்தின்படி கந்தகம் பத்துலட்சத்தில் 10 பங்கையும், சோதனையில் உண்டாகும் தேய்வுத் தழும்பு 460 மைக்குரோனையும் விஞ்சலாகாது.

ஆகவே சேர்க்கைப் பொருள்கள் பயனற்றவை அல்ல. ஆயினும் நீர் புகுந்த எண்ணெயைப் போத்தல் மருந்து திருத்தாது. பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரால் ஈரக்காற்று ஒடுங்கி நீராகும். நீர் டீசலிலும் கனமாதலின் அடியில் தங்கும். இரண்டும் சந்திக்கும் பரப்பிலே பங்கசும் பற்றீரியாவும் வளர்ந்து, கருஞ்சளியாகி வடிகட்டியை அடைக்கும். சில மருந்துகள் நீரைப் பிரித்து அடியில் விடுவன; வேறு சில நீரை எண்ணெயோடு கலந்து மறைப்பன. பின்னவை நீர்பிரிப்பானையும் ஏமாற்றி நீரைப் பீச்சுமுனைவரை கொண்டுசெல்லும். வாங்குவோர் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் வேண்டும். போத்தலின் மேலுள்ள படம் அதைச் சொல்லாது.

2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது பலர் டீசலைக் கலங்களிற் சேர்த்துவைத்தனர். நாகமுலாம் பூசிய கலம் இதற்கு ஆகாது. நாகம் எண்ணெயிலுள்ள அமிலக் கூறுகளுடன் சேர்ந்து பீச்சுமுனையிற் படிவை உண்டாக்கும். மண்ணெண்ணெய் கலத்தலும் தீதே. அதன் வழுக்குந் தன்மை குறைவாதலிற் பம்பி தேயும். கலத்தை நிழலில் மூடிவைத்து, ஒருநாள் அடையவிட்டு, அடிமண்டி கலங்காமல் மேலெண்ணெயை மாத்திரம் எடுத்தல் வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பிவிடின் ஈரக்காற்றுக்கு இடமில்லை. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் நீர்பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து, கண்ணாடிக் குவளையிற் சிறிது வடித்துப் பார்ப்பின், நீர் கீழே தனிப்படையாய்த் தெரியும்.