இஞ்சிக்குழிக்கு எந்த வழி?

பாவூர்சத்திரம் சந்தையில் நின்று மேற்கே பார்த்தால் மலை பக்கத்தில்தான் தெரிகிறது. அந்த மலைத்தொடருக்குள் குடியிருப்பவர்கள் எப்படி வீடு போய்ச் சேருகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம். அங்கிருந்து மலைச்சாலையில் காரையாறு அணை. பஸ் அதோடு சரி. அணைக்கு அப்பால், களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது காணிப் பழங்குடி மக்கள் வாழும் இஞ்சிக்குழி. அணையில் தண்ணீர் நிற்கும் காலத்தில் படகில் கொஞ்ச தூரம் போகலாம். இல்லையென்றால் சுமார் பத்து கிலோமீட்டர் காட்டுவழி நடைதான். கீழே வாங்கிய அரிசியும் பருப்பும் சுமையாகவே வீடு சேரும். மிளகும் கிழங்கும் தேனும் அதே வழியில் இறங்கும். யானை வழிமறிக்கும். ஓடை பெருகினால் வடியும்வரை கரையில் காத்துக் கிடக்க வேண்டும்.

நூறு வயதைக் கடந்த ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்கத் தபால்காரர் ஒருவர் இந்த வழியில் நடந்து போனது சில ஆண்டுகளுக்கு முன் செய்தியானது. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அரசின் கடமை ஒருவருடைய கால்பலத்தை நம்பி நிற்கக் கூடாது. உதவித்தொகை ஒரு நாள் பிந்தலாம், பிரசவ வலி பிந்துமா? 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. திரும்பும்போது சாலை இல்லாததால் உடலைத் தாயே சுமந்து நடந்தார்.

சட்டம் வழி விட்டிருக்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால் சாலைக்கும் வனநிலம் தரலாம் என்கிறது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். ஆனால் ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குள்தான். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. மூன்று மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் ஒரு ஹெக்டேர் மூன்றே கால் கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். இஞ்சிக்குழிக்கு எட்டாது. காட்டைக் கிழித்துத் தார் ஊற்றச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. சாலை வந்தால் பின்னாலேயே என்னென்ன வரும் என்பதைக் குற்றாலத்தைச் சுற்றி முளைத்த விடுதிகளில் பார்த்துவிட்டோம்.

சாலை இல்லாமலும் வழி செய்யலாம். பழனியில் பக்தர்களுக்கு 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப் கார். அதே 2004இல் கொலம்பியாவின் மெடலின் நகரம், மலைச்சரிவில் குடியிருக்கும் ஏழைகள் வேலைக்குப் போய்வர ரோப் கார் விட்டது. இஞ்சிக்குழிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். நோயாளிக்கென்றே ஒதுக்கிய ஒரு மோட்டார் படகு, ஓடைகளின் மேல் இரும்பு நடைபாலம், ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிவர உறுதியான ஸ்ட்ரெச்சர், நாள் தவறாமல் மேலே வரும் நர்ஸ்.

எந்த ஓடையில் முதல் பாலம் வேண்டும் என்று, மழையில் மறுகரையில் நின்று தவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதிகாரிகள் ஒருமுறை மேலே நடந்து போய்க் கேட்டு வரட்டும்.