மஞ்சள் இலைக்கு யூரியா மருந்தல்ல

சுண்ணாம்பு மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. உரக் கடையும் மண்வள அட்டையும் இதைக் கண்டுகொள்வதில்லை.

சௌராஷ்டிரத்தில் மழை பொய்த்தால் நிலக்கடலை வாடும். மழை கொட்டினாலோ வெளுக்கும். ஜூனில் விதைத்த செடி ஒரு மாதப் பயிராக நிற்கும்போது நாலைந்து நாள் விடாமல் பெய்து வயலில் ஈரம் தேங்கிவிட்டால், நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். ஈரம் நீடித்தால் அதுவும் வெளிறி, இலை தந்த நிறமாகி, ஓரம் கருகத் தொடங்கும். ஜுனாகத், ராஜ்கோட் பக்கம் இது பழகிப்போன காட்சி.

மஞ்சள் இலையைக் கண்டதும் விவசாயியின் கை யூரியா மூட்டையை நோக்கிப் போகிறது. நாட்டில் மலிவாகக் கிடைக்கும் உரம் அதுதான். ஆனால் தழைச்சத்துக் குறைவு என்றால் முதலில் பழுப்பது அடியிலுள்ள முதிர்ந்த இலைகள். நுனி இலை மஞ்சளாகி அடி இலை பச்சையாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் இரும்புக் குறைவு. செடிக்குள் இரும்பு ஓரிடத்தில் தங்கிவிட்டால் எளிதில் நகராது. பழைய இலையிலிருந்து புது இலைக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் அதற்கு இல்லை. இந்தச் செடிக்கு யூரியா போடுவது செலவுதானே தவிர வைத்தியம் அல்ல.

இத்தனைக்கும் அந்த மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஓர் ஏக்கரின் மேல்மண்ணில் டன் கணக்கில் இருக்கும். பயிருக்குத் தேவையோ சில கிலோ. தடுப்பது சுண்ணாம்பு. சௌராஷ்டிரக் கரையோரத்தின் சுண்ணாம்புப் பாறை பம்பாயின் பழைய கட்டடங்களுக்குப் 'போர்பந்தர் கல்' என்ற பெயரில் கப்பலேறியது. அது பொடிந்து கலந்த மண்ணில் பி.எச். 8-ஐத் தாண்டி நிற்கிறது. பி.எச். ஒரு படி ஏறினால் மண்நீரில் கரைந்திருக்கும் துத்தநாகம் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இரும்பு அயனிகளோ ஆயிரத்தில் ஒரு பங்காக. மழையில் மண்ணின் துளைகள் அடைபட்டதும், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு வெளியேற வழியின்றிச் சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. இது வேரின் வேலையைக் கெடுப்பதோடு, செடிக்குள் ஏற்கெனவே நுழைந்த இரும்பையும் முடக்கிப்போடுகிறது. அதனால்தான் மஞ்சள் இலையை ஆய்வுக் கூடத்தில் சோதித்தால் சில சமயம் பச்சை இலைக்குச் சமமான இரும்பு இருந்து எல்லோரையும் குழப்புகிறது.

துத்தநாகத்தின் கதை வேறு. அது தொடங்கிய இடம் இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதி. காட்டைத் திருத்தி 1960-ல் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அங்குள்ள சுண்ணாம்பு கலந்த வயல்களில் நெல் நட்ட சில வாரங்களில் இலைகளில் துருப் புள்ளிகள் தோன்றி, பயிர் குட்டையாக நின்றுபோனது. வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியின் நிறம். எனவே 'கைரா' என்று பெயர். கிருமி வேலையாக இருக்கும் என்று தேடினார்கள். 1966-ல் ஒய்.எல். நேனே அது நோயே அல்ல, துத்தநாகக் குறைவு என்று காட்டினார். இத்தனைக்கும் அவர் பயிர் நோய் வல்லுநர். எக்டேருக்கு 5 கிலோ ஜிங்க் சல்பேட்டையும் இலை கருகாமலிருக்க 2.5 கிலோ நீற்றிய சுண்ணாம்பையும் 1,000 லிட்டர் நீரில் கலந்து தெளித்தால் பயிர் தேறியது. அடுத்த ஆண்டே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நுண்ணூட்டங்களுக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் மாநிலம் மாநிலமாகச் சோதிக்கப்பட்ட மண் மாதிரிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில் துத்தநாகம் குறைவு. சுமார் 13 சதவீதத்தில் இரும்பு குறைவு.

வடக்கு பீகாரில் நிலைமை இன்னும் கடுமை. கண்டக் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் சுண்ணாம்பு ஏராளம். பூசா பக்கத்துச் சில வயல்களில் மண்ணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். 1905-ல் வெள்ளையர் அரசு தன் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்த அதே பூசா. 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமானதால் நிலையம் டெல்லிக்குப் போனது. பெயரும் கூடவே போனது. சுண்ணாம்பு மட்டும் பீகாரிலேயே தங்கிவிட்டது.

ஆனால் துத்தநாகம் மண் வழியாகவே கொடுக்கக்கூடிய சத்து. எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டைக் கடைசி உழவில் போட்டால் சுண்ணாம்பு ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டாலும், மிச்சம் அடுத்தடுத்த இரண்டு மூன்று பயிருக்கு உதவும். டி.ஏ.பி.யோடு கலந்து போடக் கூடாது. மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். இரும்பு அப்படியல்ல. அன்னபேதியை (இரும்பு சல்பேட்டுக்கு நாட்டு மருந்துக் கடைப் பெயர்) சுண்ணாம்பு மண்ணில் தூவினால் சில நாட்களிலேயே துருவாகிப் பயனற்றுப்போகிறது. அதை இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. இலை வெளுத்துக் கருகும்வரை காத்திருந்தால் பலனில்லை.

இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை. எல்லாச் சத்தும் சேர்ந்த 'நுண்ணூட்டக் கலவை' மூட்டையை நிலத்தில் போடச் சொல்லி விற்கிறார். அதிலுள்ள துத்தநாகம் உதவலாம். இரும்புக்குக் கொடுத்த காசு சுண்ணாம்புக்குப் போகிறது. விலை உயர்ந்த கீலேட் உரங்களிலும் இதே கதை. கீலேட் என்பது உலோகத்தை நண்டுக் கொடுக்குபோலப் பிடித்துக் காக்கும் சேர்மம். பரவலாக விற்பனையாகும் ஈ.டி.டி.ஏ. இரும்பு, அமிலம் சார்ந்த மண்ணில் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணிலோ இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பி.எச். 8-க்கு மேலும் பிடி தளராதது ஈ.டி.டி.எச்.ஏ. வகை. அதன் விலைக்கு எலுமிச்சைத் தோட்டக்காரரும் திராட்சைத் தோட்டக்காரரும் ஈடுகொடுக்கலாம்; மானாவாரிக் கடலைக்காரர் எங்கே போவார்? அவருக்கு அன்னபேதித் தெளிப்பும், மட்கிய தொழு உரமும், வெளுப்பைத் தாங்கும் ரகமும்தான் வழி. ஐதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட்டின் ஐ.சி.ஜி.வி. 86031 அப்படிப்பட்ட ஒரு கடலை ரகம்.

அரசின் மானியக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2018-ல் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை வரிகள் நீங்கலாக 242 ரூபாய் என்று வைக்கப்பட்டது. மற்ற உரங்களுக்கு 2010-ல் வந்த சத்து அடிப்படை மானியத்திலோ, துத்தநாகம் சேர்த்த உரத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது டன்னுக்கு 500 ரூபாய். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 ரூபாய். எதை அதிகம் போடு என்று அரசு சொல்கிறது என்பது விவசாயிக்குப் புரியாதா?

இது விளைச்சலோடு நிற்கும் விஷயமும் இல்லை. மனிதனுக்குத் துத்தநாகக் குறைவு உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய ஆனந்த பிரசாத் பீகாரின் பக்ஸரில் பிறந்தவர். 1958-ல் ஈரானின் ஷிராஸுக்கு வேலைக்குப் போன அவர், ரொட்டியையே நம்பி வாழ்ந்து வளர்ச்சி குன்றிப்போன இளைஞர்களைக் கண்டார்; 1960-களின் தொடக்கத்தில் காரணம் வெளிவந்தது. இந்தியாவில் 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கும் வளரிளம் பருவத்தினரில் 32 சதவீதத்தினருக்கும் துத்தநாகம் குறைவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மண்ணைக் குறை சொல்ல முடியாது. தானியமே உணவாகிப்போன வறுமையும் ஒரு காரணம். ஆனால் துத்தநாகம் எட்டாத வயலின் நெல்லிலும் கோதுமையிலும் அது கூடுதலாக இருக்க வழியில்லை.

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. துத்தநாகம், இரும்பு, பி.எச். எல்லாம் இருக்கின்றன. சுண்ணாம்பு எவ்வளவு என்ற வரி மட்டும் இல்லை. எனவே 'இரும்பு போதுமான அளவு' என்று அட்டை சொல்லும். வயலில் கடலை மஞ்சளாக நிற்கும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறியப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பிடி மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால், சுண்ணாம்பு மண் சோடாபோல நுரைக்கும். அட்டைக்கு மண் எடுக்க வருபவரிடம் விவசாயி இதையும் கேட்டு, அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.