தண்ணீர் சுமந்து போன போர்க்கப்பல் தெரியுமா?

சுற்றிலும் கடல், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை! 2014 டிசம்பர் 4 அன்று மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இதுதான் நிலைமை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்துவிட்டது. ஆறு, ஏரி எதுவும் இல்லாத ஊர். ஒரு லட்சம் பேருக்கு மேல் தவித்துப் போனார்கள். கொச்சி அருகே ரோந்தில் இருந்த ஐ.என்.எஸ். சுகன்யா மறுநாளே 35 டன் நன்னீரோடு அங்கே போய் நின்றது! அந்தக் கப்பலிலேயே நாளுக்கு 20 டன் நன்னீர் தயாரிக்கவும் முடியும். பின்னாலேயே மும்பையிலிருந்து ஐ.என்.எஸ். தீபக், சுமார் 1,000 டன் தண்ணீருடன். நடுக்கடலில் மற்ற போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதுதான் தீபக்கின் அன்றாட வேலை!

சீனா சும்மா இருக்குமா? அதன் கடற்படைக் கப்பல் சுமார் 960 டன் தண்ணீர் கொண்டுவந்தது. தண்ணீர் கொடுப்பதிலுமா போட்டி என்கிறீர்களா? போட்டியேதான்!

ஆனால் இப்படிச் சம்பாதித்த நல்லெண்ணம் எத்தனை நாள் தாங்கும்? 2023 மாலத்தீவு தேர்தலில் ‘இந்தியாவே வெளியேறு’ கோஷம் ஒலித்தது. 2024 மே மாதத்துக்குள் அங்கிருந்த இந்திய வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் சீனா மாலத்தீவுக்கு அனுப்பிய பரிசு என்ன தெரியுமா? திபெத்துப் பனிமலைத் தண்ணீர், 1,500 டன்!

கப்பல் உதவியால் மனம் மாறுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2003-இல் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்த இந்தோனேசியர்கள் வெறும் 15 சதவீதம். சுனாமிக்குப் பிறகு அமெரிக்கக் கப்பல்கள் ஆச்சே கரைக்கு வந்து உதவின. 2005-இல் அது 38 சதவீதம்! அங்கே போன ‘மெர்சி’ மருத்துவக் கப்பல் ஒரு காலத்தில் எண்ணெய்க் கப்பல். இன்று அதில் 1,000 படுக்கைகள், 12 அறுவை அரங்குகள். ஒரே சங்கடம், இத்தனை பெரிய கப்பல் சின்னத் தீவுகளின் துறைமுகத்துக்குள் நுழையாது. தள்ளி நங்கூரமிட்டு, நோயாளிகளைப் படகிலும் ஹெலிகாப்டரிலும்தான் ஏற்ற வேண்டும். சீனாவின் ‘அமைதிப் பேழை’யோ 300 படுக்கைகளோடு மருத்துவமனையாகவே கட்டப்பட்டது. பசிபிக் தீவு நாடான டோங்காவுக்கு மட்டும் 2014, 2018, 2023 என மூன்று முறை போய்வந்திருக்கிறது.

அந்த டோங்காவில் 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்தது. நியூசிலாந்தின் ‘அயோட்டியரோவா’ இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீருடன் விரைந்தது. ஆஸ்திரேலியாவின் ‘அடிலெய்ட்’ கப்பலிலோ 23 பேருக்குக் கொரோனா! டோங்காவோ அந்த நோயை அண்டவிடாமல் காத்துவந்த நாடு. உதவியோடு நோயும் இறங்கிவிட்டால்? வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களை நெருங்காமல் பொருட்களை இறக்கிவைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள்.

2020 கொரோனாக் காலத்தில் நம் ஐ.என்.எஸ். கேசரி மாலத்தீவு, மொரீஷியஸ், மடகாஸ்கர், கொமொரோஸ், செஷல்ஸ் என ஐந்து நாடுகளுக்கு உணவும் மருந்தும் சுமந்து, 55 நாளில் சுற்றிவந்தது.

குட்டித் தீவுகளுக்கு ஏன் இத்தனை உபசாரம்? கிரிபாட்டியின் நிலம் சென்னை மாநகராட்சியைப்போல இரண்டு மடங்குகூட வராது. அதன் உரிமைக்கு உட்பட்ட கடலோ இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடப் பெரியது! இன்னொன்றும் உண்டு. துவாலுவின் மக்கள்தொகை சுமார் 11,000. ஐ.நா. பொதுச்சபையில் அதற்கு ஒரு ஓட்டு. 140 கோடிப் பேருள்ள இந்தியாவுக்கும் அங்கே ஒரே ஓட்டுதான்!