பூமியதிர்ச்சியும் மின்காந்த அறிகுறிகளும்

1989ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 17ஆந் திகதி மாலை கலிபோர்ணியாவிலே லோமா பிரியேற்றா மலைப்பகுதியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியினால் 63 பேர் உயிரிழந்தனர். அதிர்ச்சி மையத்திலிருந்து 7 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொறலிற்றோஸ் என்னுமிடத்தில், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிறேசர்-சிமித் என்பார் ஒரு காந்த உணர்கருவியை நிறுவியிருந்தார். இயற்கையில் எழும் தாழ்ந்த மீடிறனுடைய காந்த இரைச்சலை அளத்தற்கு அமைந்த கருவி அது. பூமியதிர்ச்சியை எதிர்நோக்கி வைக்கப்பட்டதன்று. பின்னர் அதன் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 12 நாள்களுக்கு முன்னரே இரைச்சல் உயர்ந்திருந்ததும், இறுதி 3 மணி நேரத்தில் அது பன்மடங்கு பெருகியதும் காணப்பட்டன. 1990இல் இச்செய்தி வெளியானதும் அறிஞர் பலர் இத்துறையில் ஊக்கங்கொண்டனர்.

பாறைக்குள் மின் தோன்றுதல் வியப்பன்று. நெருக்குண்ட குவாட்ஸ் பளிங்கில் மின்னேற்றம் உண்டாதல் பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. நுண்ணிய வெடிப்புகளினூடே நீர் பாயும்போதும் மின்னோட்டம் பிறக்கும். ஆயின், நிலம் ஒரு கடத்தியாதலின், மீடிறன் மிகுந்த அலைகளை விரைவில் விழுங்கிவிடும். 100 ஓம்-மீற்றர் தடைத்திறனுள்ள பாறையில், செக்கனுக்கு 10,000 முறை அதிரும் அலை சுமார் 50 மீற்றருக்குள் மூன்றிலொரு பங்களவாகத் தேய்ந்துவிடும். 100 செக்கனுக்கு ஒருமுறை அதிரும் அலையோ 50 கிலோமீற்றர் சென்ற பின்னரே அவ்வளவு தேயும். லோமா பிரியேற்றா அதிர்ச்சி தொடங்கியது ஏறத்தாழ 18 கிலோமீற்றர் ஆழத்திலாகும். ஆகவே தாழ்ந்த மீடிறனிலே அறிகுறியைத் தேடியது தக்கதே.

இடர் பிறிதோரிடத்தில் உள்ளது. சூரியனிலிருந்து வரும் துகள்களால் எழும் காந்தப்புயல்களும், சான்பிரான்சிஸ்கோ குடாவைச் சூழ்ந்தோடும் மின்சாரப் புகையிரதங்களும் (புகையில்லாப் புகையிரதம் என்க!) இதே இரைச்சலை எழுப்புவன. தனித்த ஒரு கருவி இவற்றைப் பிரித்தறிய மாட்டாது. 2009இல் தோமஸ், லவ், ஜோன்ஸ்ரன் ஆகிய மூவர் கொறலிற்றோஸின் 21 மாதப் பதிவுகளையும் குறிப்பேட்டையும் மீண்டும் நோக்கி, பிறெஸ்னோவிலும் யப்பானிலும் பெற்ற பதிவுகளோடு ஒப்பிட்டனர். இரைச்சலின் அடிமட்டம் அதிர்ச்சிக்கு நெடுநாள் முன்னும் பின்னுங்கூட இவ்வாறே மாறியிருந்தது. கருவியின் கோளாறே காரணம் என்பது அவர்கள் முடிபு.

அறிகுறி தோன்றி அதிர்ச்சி நிகழ்ந்த வேளைகளை மட்டும் எண்ணுவோர், அறிகுறி தோன்றியும் அதிர்ச்சி நிகழாத வேளைகளை மறந்துவிடுகின்றனர். பொய்யெச்சரிக்கை கேட்டு ஒருமுறை வீடுவிட்டு வெளியேறிய மக்கள், மறுமுறை மெய்யெச்சரிக்கையையும் பொருட்படுத்தார். 2004இல் பாக்பீல்ட் என்னுமிடத்திற் கருவிகள் பல சூழ்ந்திருக்கவே 6.0 அளவுள்ள அதிர்ச்சி நிகழ்ந்தது. முன்னறிகுறியாகத் தக்க காந்த மாற்றம் எதுவும் அங்கே பதியவில்லை.

எனினும் தேடல் ஓய்ந்துவிடவில்லை. அயனமண்டலத்தில் இவ்வறிகுறிகளை நாடுதற்கென 2018இல் சீனா ஒரு செய்மதியை ஏவியது. கி.பி. 132இல் பூமியதிர்ச்சியைக் காட்டுங் கருவியொன்றை ஆக்கிய சாங் ஹெங் என்னும் அறிஞரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.