வழியில் வண்டி நின்றால்...

சென்ற ஆடியில் ஆனைக்குட்டத்திலிருந்து இருக்கன்குடிக்கு அடுப்பு, அண்டா சகிதம் வேனில் கிளம்பினோம். சாத்தூருக்கு முன்பே சார்ஜ் விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் ஏறியது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. இன்ஜின் ஆறியதும் ஸ்பேர் பெல்ட்டை மாட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கும்படி இறுக்கினேன். “பாலிடெக்னிக் படிப்பு வீண்போகலடா!” என்றார் சித்தப்பா.

திரும்பும்போது பிரேக் பெடல் ஆழமாக இறங்கியது. ஆயிலும் குறைந்திருந்தது. “ஊத்திட்டுப் போயிருவோம்” என்றார். நான் மறுத்தேன். ஆயில் குறைந்தால் எங்கோ கசிவு, காற்றும் புகுந்திருக்கலாம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது. மெக்கானிக் வரும்வரை புளியமரத்தடியில் காத்திருந்தோம், பிள்ளைகள் தூங்கிவிட்டன.

நண்பர்களே! நம் கை தவறினால் வண்டி ஓடாது என்றால் நாமே பார்க்கலாம். வண்டி நிற்காது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்!